ஒரே சாய்வு

மால்மோவிலிருந்து கோபன்ஹேகன் போகும் ரயிலில் இன்று காலை விசிறிச் சத்தம் சில நொடி நின்றுபோனது. பழுது இல்லை.

ஸ்வீடன் ரயில் கம்பியில் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். டென்மார்க்கில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டவே கூடாது. அதனால் ஸ்வீடன் கரையில் லெர்னாக்கன் பக்கம் கொஞ்ச தூரத்துக்குக் கம்பியில் மின்சாரமே கிடையாது. ரயிலுக்குள் மின்சாரம் வரும் முதன்மை சுவிட்சை (பிரேக்கர்) அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே ரயில் அதைத் தாண்டுகிறது. நடுவில் நின்றால் தானாக நகர முடியாது.

அடுத்து, ஸ்வீடனையும் டென்மார்க்கையும் கடல்மேல் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம். 2000 ஜூலை 1 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 7,845 மீட்டர் நீளம். மேலே நாலு வழிச்சாலை, கீழே இரட்டை ரயில்பாதை. கோபுரங்கள் 204 மீட்டர் உயரம், அவற்றுக்கு நடுவிலான நடுக்கண் 490 மீட்டர்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இதைப் பாருங்கள். கண்ணெதிரே ஓடும் எஃகுச் சட்டத்தின் நீண்ட சாய்வுக் கைகளும், மேலே கோபுரத்துக்கு ஏறும் கேபிள்களும் ஒரே சாய்வு! கேபிளின் இழுப்பு அப்படியே சட்டத்துக்குள் இறங்குகிறது.

கேபிள்கள் யாழ் நரம்பு மாதிரி இணையாகப் போகின்றன. கோபுர உச்சியிலிருந்து விசிறி மாதிரி விரித்துக் கட்டியிருந்தால் எஃகு மிச்சமாகியிருக்கும். ஆனால் இந்த அழகு வந்திருக்காது. ரயில் ஏறும்போது தளம் தொய்யாமல் பார்த்துக்கொள்வதில் பெரும்பங்கு அந்த ஆழமான சட்டத்துக்குத்தான்.

குளிர்காலத் தொல்லை வேறு. ஈரப்பனி கேபிளில் உறைந்து ஒட்டும். கொஞ்சம் சூடேறினால் கட்டியாகக் கழன்று சாலையில் விழும். அப்போது சாலையை மூடிவிடுவார்கள்.

கீழே ஓடும் ரயிலுக்கு அந்தச் சாலையே கூரை.