கண் உள்வாங்கினால் சைனஸைப் பார்க்க வேண்டும்

"ஒரு கண்ணு சின்னதாயிருச்சு டாக்டர்." பினாங்கின் கண் கிளினிக்குகளில் 'சைலண்ட் சைனஸ் சிண்ட்ரோம்' என்ற நோய் இப்படித்தான் உள்ளே வரும். வயது பெரும்பாலும் 30-இலிருந்து 50-க்குள். வலி இராது, சளி இராது, அடிபட்டிருக்காது. அதனால்தான் இமைத் தொங்கல் என்று எழுதிவிடுகிறோம். அல்லது நல்ல கண்தான் பிதுங்குகிறது என்று நினைத்துத் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறோம்.

முதலில் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) படத்தையும் பழைய கல்யாணப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலிமைப் பள்ளம் எப்போது ஆழமானது என்று அவை சொல்லும். பிறகு ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்று ஹெர்டெல் கருவியால் அளக்க வேண்டும். இரு கண்களுக்கும் இடையே 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே சிடி ஸ்கேன் எடுக்கலாம்.

கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் மூக்கில் திறக்கும் வழி அடைபட்டால், உள்ளிருக்கும் காற்றை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தம் குறைந்து சுவர்கள் உள்ளே இழுபடும். அந்த சைனஸின் கூரைதான் கண்ணுக்குத் தரை. அது தாழக் கண்ணும் தாழ்ந்து பின்வாங்கும். 1994-இல்தான் இதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஸ்கேனில் சைனஸ் சுருங்கி, அடைத்து, சுவர்கள் உள்வளைந்திருக்கும்.

இதேபோல் கண்ணை உள்வாங்க வைக்கக்கூடிய எலும்பு முறிவையும் மார்பகப் புற்றுநோய்ப் பரவலையும் விலக்கியாக வேண்டும். இரண்டாவதைக் கேட்கும்போது உடன் வந்த மகனைச் சற்று வெளியே உட்காரச் சொல்லுங்கள். பிள்ளை முன்னால் அம்மா வாய் திறக்க மாட்டார்.

அடைபட்ட வழியை மூக்கு வழியாகத் திறக்கும் எண்டோஸ்கோப்பி அறுவையில் உண்மையான ஆபத்து, அந்த வழியை மறைத்து நிற்கும் மெல்லிய அன்சினேட் எலும்பில் இருக்கிறது. இழுபட்டு அது கண்குழிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வழக்கம்போல் முன்னாலிருந்து கத்தியைச் செலுத்தினால் கத்தி நேரே கண்குழிக்குள் போய்விடும். உருண்டை முனைக் கம்பியால் எலும்பை முன்னுக்கு இழுத்து, பின்னாலிருந்து முன்னோக்கிக் கடிக்கும் கருவியால் வெட்டுவதே பத்திரம். கண்ணை மூடி மறைக்காமல் விட்டு, அவ்வப்போது மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். மூக்குக்குள் ஏதாவது சேர்ந்து அசைந்தால் அது கண்குழிக் கொழுப்பு. உடனே நிறுத்திவிட வேண்டும், உறிஞ்சவோ இழுக்கவோ கூடாது.

தாழ்ந்த கண்குழித் தரையைத் தூக்கத் தகடு வைப்பதைச் சிலர் அதே நாளில் முடித்துவிடுகிறார்கள். சுமார் 6 மாதம் காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. காற்றோட்டம் திரும்பியதும் தரை தானே உயர்வதுண்டு. முன்பே தகடு வைத்திருந்தால் கண் மேலேறிவிடும். இரட்டைப் பார்வை நீடித்தால் மட்டும் தகட்டைப் பற்றி யோசிக்கலாம்.

காத்திருக்கும் மாதங்களில் ஒவ்வொரு முறையும் ஹெர்டெலின் அதே அடி அளவில் (கருவியின் இரு முனைகளுக்கு இடையே வைக்கும் தூரம்) வைத்து அளக்க வேண்டும். அந்த எண்ணை முதல் நாளே அட்டையில் எழுதாவிட்டால், பின்னால் வரும் எந்த அளவையும் ஒப்பிட முடியாது.