சென்தீர்: ஒரு ஸ்பானிஷ் வினையின் நாட்குறிப்பு

மார்ச் 3

இந்த வாரம் ஒரே வினைதான்: சென்தீர். உணர்தல்; சில இடங்களில் வருந்துதல். ‘செந்தீர்’ என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. ‘ந்’ வந்தாலே நம் நாக்கு ‘பந்து’வின் மெல்லிய தகரத்தைப் போட்டுவிடும். இங்கே வேண்டியது ‘பத்து’வின் தகரம். அதற்கு அடையாளமாகத்தான் ‘ன்த’. சியென்தோ என்றால் ‘உணர்கிறேன்’. அதையே சியெந்தோ என்று மெல்லினால் ‘இருந்துகொண்டு’ என்ற வேறு சொல்லாகிவிடும். தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மார்ச் 4

நிகழ்காலம் (நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்): சியென்தோ, சியென்தெஸ், சியென்தே, சென்தீமோஸ், சென்தீஸ், சியென்தென்.

பகுதியில் அழுத்தம் விழுந்தால் எ, ‘இயெ’ ஆகும். விகுதிக்கு அழுத்தம் நகர்ந்தால் எ அப்படியே நிற்கும். லத்தீனின் குற்றெகரம் அழுத்தம் பெற்ற இடத்தில் இரண்டாகப் பிளந்ததன் விளைவு இது. ‘வா’ என்ற பகுதி ‘வந்தான்’ என்பதில் ‘வ’ எனக் குறுகும் விகாரத்தைப் பள்ளியில் பிரித்து எழுதியவர்களுக்குப் பகுதி மாறுவது புதிதல்ல. இங்கே மாற்றத்தை முடிவு செய்வது அழுத்தம். அதனால் பட்டியலை வாய்விட்டுச் சொல்லித்தான் படிக்க வேண்டும்.

மார்ச் 5

சப்ஜங்க்டிவ்: விருப்பம், வருத்தம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினைவடிவம். சியென்தோவின் ஓகாரத்தை எடுத்துவிட்டு ஆகாரம் சேர்க்க வேண்டும்: சியென்தா, சியென்தாஸ், சியென்தா, சின்தாமோஸ், சின்தாயிஸ், சியென்தான். (எழுத்தில் நெடில் இருந்தாலும், ‘சியென்’ என்று தொடங்கும் வடிவங்களில் அழுத்தம் ‘யெ’யில்தான்.)

பிழை வருவது நான்காவதிலும் ஐந்தாவதிலும். சிலர் சென்தாமோஸ் என்பார்கள், சிலர் சியென்தாமோஸ் என்பார்கள், இரண்டும் தவறு. லத்தீன் வடிவமான சென்தியாமுஸில் இருந்த ‘இய்’ ஒலி முன்னிருந்த எகரத்தை இகரமாக உயர்த்திவிட்டு, தான் மறைந்துபோனது. ‘ஈர்’ என்று முடியும் வினைகளுக்கே உரிய பழக்கம் இது: தோர்மீர் (தூங்குதல்), துர்மாமோஸ் ஆகும். பெர்தேர் (இழத்தல்) ‘ஏர்’ வகை என்பதால் பெர்தாமோஸ் என்று மாறாமல் நிற்கும். லத்தீன் அமெரிக்காவில் இந்த ‘நீங்கள்’ வடிவம் வழங்குவதில்லை என்பதால், அங்கே மட்டும் பேசப்போகிறவர்கள் சின்தாயிஸை விட்டுவிடலாம். சின்தாமோஸை விட முடியாது.

மார்ச் 6

இறந்தகால சப்ஜங்க்டிவ் எளிது. சின்தியேரோன் (உணர்ந்தார்கள்) என்பதில் ‘ரோன்’ நீக்கி ‘ரா’: சின்தியேரா. ‘சே’ சேர்த்துச் சின்தியேசே என்றும் வரும். பேச்சில் ‘ரா’வே அதிகம். ‘உணர்ந்துகொண்டு’ என்பதற்குச் சின்தியெந்தோ. இரண்டு தகரமும் ஒரே சொல்லில். நல்ல நாக்குப் பயிற்சி.

மார்ச் 7

சென்தார் (உட்கார வைத்தல்) குறுக்கே வருகிறது. ‘நான்’ வடிவம் இரண்டுக்கும் சியென்தோதான். ‘அவர்’ வடிவம் தலைகீழ்: சென்தீரின் சப்ஜங்க்டிவ் சியென்தா, சென்தாரின் சப்ஜங்க்டிவ் சியென்தே.

எஸ்பேரோ கே சே சியென்தா பியென்: அவர் நலமாக உணர்வார் என்று நம்புகிறேன்.
எஸ்பேரோ கே சே சியென்தே பியென்: அவர் ஒழுங்காக உட்காருவார் என்று நம்புகிறேன்.

தமிழில் இரண்டிலும் சாதாரண எதிர்கால வினையே வருகிறது. அதனால்தான் எஸ்பேரோ கே வந்ததும் சப்ஜங்க்டிவ் போட வேண்டும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. வாழ்த்தில் வரும் வியங்கோள் (‘வாழ்க’, ‘நலம் பெறுக’) ஓரளவு பக்கத்தில் வரும், ஓஹாலா என்று தொடங்கும் வாக்கியங்களில்: ஓஹாலா சே சியென்தா மெஹோர், ‘விரைவில் நலம் பெறட்டும்’.

மார்ச் 9

சியென்தோ கே எஸ்தா என்ஃபேர்மோ: அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குப் படுகிறது.
சியென்தோ கே எஸ்தே என்ஃபேர்மோ: அவருக்கு உடம்பு சரியில்லை என்பதில் வருத்தம்.

முதலாவதில் உணர்ந்ததைத் தகவலாகச் சொல்கிறோம். இரண்டாவதில் தகவல் இருவருக்கும் தெரியும். சொல்ல வருவது வருத்தத்தை மட்டும். எஸ்தா, எஸ்தே இரண்டிலும் அழுத்தம் கடைசி உயிரில்தான். அதை விழுங்காமல் சொன்னால் போதும், கேட்பவர் பிரித்துக்கொள்வார்.