வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எலும்பு அல்ல

மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டுப் பல வருடம் சும்மா விட்டவர்கள் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) கேட்டு வந்தால், நான் முதலில் பார்ப்பது சைனஸைத்தான், அதாவது மேல்தாடைக்கு மேலே உள்ள காற்றறையை. பல் போனதும் அங்கே எலும்பு தேயும். மேலேயிருந்து சைனஸ் அறையும் கீழே இறங்கும். ஸ்கேனில் சில சமயம் மூன்று நான்கு மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும். அதில் இம்ப்ளான்ட் உறுதியாக நிற்காது.

அப்போது தாடையின் பக்கவாட்டில் சிறு ஜன்னல் திறந்து, சைனஸின் உட்புறச் சவ்வை மெதுவாகத் தூக்கி, அடியில் எலும்புத்தூள் நிரப்புவேன். 1980இல் பாய்ன், ஜேம்ஸ் என்ற வாய் அறுவை மருத்துவர்கள் இதை எழுதியபோது நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் பதப்படுத்திய மாட்டெலும்புத்தூள். அதில் தயக்கம் உள்ளவர்களுக்குச் செயற்கைத் தூளும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சவ்வின் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பச்சை முட்டையின் உள்சவ்வு கிழியாமல் மேலோட்டை மட்டும் தேய்த்தெடுத்துப் பழகுகிறவர்கள் உண்டு. சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் என்ற புரதப் படலம் வைத்து மூடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு அந்தப் பயம்தான் பெரிது. எனக்கோ, நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் கவலை தொடங்கும். இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா கூடாது, சிகரெட் கூடவே கூடாது.

ஒரு பெரியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மூன்றாம் மாதம் வந்து, "எக்ஸ்ரேல வெள்ளையா தெரியுதே டாக்டர், பல்லை வச்சிடலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெள்ளை நான் வைத்த தூள். அதன் இடுக்குகளில் ரத்தக்குழாய் புகுந்து அவருடைய சொந்த எலும்பு வளர ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும். முனகிக்கொண்டே போனார்.

எட்டாம் மாதம் டிரில் இறங்கியபோது கையில் எதிர்ப்பு தெரிந்தது, துளையில் ரத்தம் கசிந்தது, உயிருள்ள எலும்பு. இம்ப்ளான்ட் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசையில் இறுகி நின்றது. அப்புறமும் சில மாதம் கழித்தே மேலே பல் வைத்தேன்.

பல் வைத்த அன்றே மறுபக்கத்துக்கும் தேதி கேட்டார். அங்கே ஏழு மில்லிமீட்டர் எலும்பு இருந்தது. ஜன்னல் வேண்டாம், இம்ப்ளான்ட் துளை வழியாகவே சவ்வைச் சற்று உயர்த்தி அன்றைக்கே இம்ப்ளான்டையும் வைத்துவிடலாம் என்றேன். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே!" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு பக்க ஸ்கேனையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.