மின்கம்பத்தில் ஒரு பெட்டி மாட்ட 8 மாதம்

தெரு வெப்பத்தை அளந்து, அதற்கேற்பத் தூய்மைப் பணியாளர்களின் வேலை நேரத்தையும் நிழல் ஏற்பாட்டையும் மாற்றிப் பார்ப்பதற்காக, எங்கள் பல்கலைக்கழகக் குழு தமிழகத்தின் ஒரு மாநகராட்சியோடு சேர்ந்து பணியாற்றியது. ஆய்வுக்கூடத்துக்குள் அல்லாமல் மக்கள் புழங்கும் இடத்திலேயே, அவர்களையும் உள்ளாட்சியையும் பங்காளிகளாக்கி ஒரு தீர்வைச் சோதிக்கும் முறையை ‘நகர வாழ்வாய்வகம்’ என்கிறார்கள். எங்களுக்கு முன்மாதிரி அகமதாபாத். 2010 மே மாத வெயிலில் அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். காந்திநகரின் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஆய்வாளர்களோடு கைகோத்து, அந்த மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது.

எங்கள் மாநகராட்சியின் ஆணையரை நேரில் சந்தித்தோம். அக்கறையோடு கேட்டவர், எங்கள் கடிதத்தின் ஓரத்தில் ‘ஆவன செய்க’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதையே முழு அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன். கடிதம் தபால் பிரிவில் பதிவாகிப் பொறியியல் பிரிவுக்குப் போயிற்று. கருவியைத் தெருவிளக்குக் கம்பத்தில் மாட்ட வேண்டியிருந்ததால் அங்கிருந்து மின் பிரிவுக்குப் போயிற்று. காற்றில் பெட்டி பெயர்ந்து யார் தலையிலாவது விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று மின் பிரிவு கேட்டது. அளவீடுகள் தங்களுக்கு வரும் முன்பே செய்தித்தாளுக்குப் போய்விடாதா என்று சுகாதாரப் பிரிவு கேட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள். அப்போது அவற்றைத் தடை என்று நினைத்தது என் தவறு.

பதில் எழுதிக்கொண்டிருந்தபோதே ஆணையர் மாற்றலாகிப் போனார். எந்த அதிகாரத்தின்பேரில் இது நடக்கிறது என்ற ஒற்றை வினாவோடு கோப்பு திரும்பி வந்தது. 5 மாத உழைப்பு ஒரு மனிதரின் கையொப்பத்தில்தான் நின்றிருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

மறுமுறை வார்டிலிருந்து தொடங்கினோம். மாமன்ற உறுப்பினரை மதிய வெயிலில் தெருவில் நடக்க அழைத்தோம். அவரே இதைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொன்னார். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருந்ததைக் குறிப்பில் முதல் பத்தியாக வைத்தோம். தீர்மானம் நிறைவேறிய பின் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதினோம். கருவி மாநகராட்சியின் சொத்து, ஆய்வுக் காலம் வரை பழுதுபார்ப்பு எங்களுடையது, அளவீட்டை வெளியிடுவதற்கு 15 நாள் முன்பு சுகாதாரப் பிரிவுக்குத் தர வேண்டும் என்ற மூன்று வரிகள்தான் அதன் உயிர். இவற்றை முதல் நாளே எழுதியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கம்பங்களைத் தேர்ந்தெடுக்கத் தெருவில் இறங்கிய அன்று, பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பத்துல காலைல மட்டும்தாம்மா வெயிலு. மத்தியானம் நாங்க உக்கார்ற சுவத்தைத் தொட்டுப் பாரு” என்றார். மேற்கு பார்த்த சுற்றுச்சுவர் அது. மணி நாலரை, உள்ளங்கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். எங்கள் பட்டியலில் அந்த இடமே இல்லை. நேரடி வெயில் பட்டு அளவு தவறாமலிருக்க வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய கூட்டுக்குள் ஒரு கருவியை வைத்து, அந்தச் சுவரருகில் உள்ள கம்பத்தில் மாட்டினோம். உடன் வந்த உதவிப் பொறியாளர் இடமாற்றத்தை அங்கேயே கோப்பில் குறித்துக்கொண்டார். ஒப்பந்தம் இல்லாதிருந்தால் அதற்கும் தனிக் கடிதம் தேவைப்பட்டிருக்கும்.

கோடை முழுவதும் வாரம் ஒருமுறை மண்டல அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அளவீடுகளைச் சேர்ந்தே படித்தோம். முதல் இரு வாரங்கள் பேசாதிருந்த மேற்பார்வையாளர், மூன்றாம் வாரம் தன் வார்டின் வரைபடத்தைத் தானே விரித்தார். பணியாளர்களின் பிற்பகல் வேலை மாலை 5 மணிக்குத் தள்ளப்பட்டது. அந்தச் சுவரோரத்திலிருந்த இருக்கை எதிர்ப்புற வேப்பமர நிழலுக்கு மாறியது. ஆய்வுக் காலம் முடிந்து நாங்கள் விலகியபோது, கருவிகளின் பராமரிப்பு மின் பிரிவின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ந்திருந்தது. இப்போது காலை வருகைப் பதிவான மஸ்டரில் பெயர் வாசித்து முடித்ததும், முந்தைய நாளின் உச்ச வெப்பத்தையும் மேற்பார்வையாளர் வாசிக்கிறார்.