ரீபூட்டுக்கு அப்புறம் எழுந்திரிக்காத சர்வீஸ்

மார்ச் 9, திங்கள், காலை

ராத்திரி கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட்டுக்காக சர்வர ரீபூட் பண்ணோம், அதுலேர்ந்து நம்ம சர்வீஸ், அதாவது பின்னணில தானா ஓடுற ப்ரோக்ராம், எழுந்திரிக்கவே இல்ல. ஸ்கேன் பண்ணி வர்ற பக்கங்கள ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சு எழுத்தா மாத்தி வைக்கிறதுதான் அதோட வேலை, இப்போ க்யூல 412 பக்கம் நிக்குது. ஸ்டேட்டஸ் பாத்தா ஃபெயில்ட், சிக்னல் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்கு இல்லாத மெமரியத் தொடப் போய் ப்ரோக்ராம் விழுந்துருக்கு. கடைசி வரில "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி"னு இருக்கு. இந்த வரியத்தான் எரர்னு நினைச்சு நிறைய பேர் தேடிட்டு இருப்பாங்க, ஆனா அது எரர் இல்ல, 10 செகண்டுக்குள்ள 5 தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு சர்வீஸ்கள ஓட்டுற சிஸ்டம்டி நிறுத்திக்குது, அவ்ளோதான். முதல் தடவ எங்க விழுந்துச்சோ அங்க போகணும், ஜர்னல்ல, அதாவது சிஸ்டம்டியோட லாக்ல, மேல ஏறி.

மதியம்

க்யூல முதல்ல நின்ன பக்கம் கெட்டுப்போன ஃபைலா இருக்கும்னு நினைச்சு அதத் தனியா எடுத்து வெச்சேன். ஃபெயில்ட் நிலைய அழிக்கிற ரீசெட்-ஃபெயில்ட் குடுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணா அடுத்த பக்கத்துலயும் அதே இடம். மூணு பக்கம் இப்படி நகத்திப் பாத்தாச்சு, பக்கத்து மேல குத்தம் இல்ல.

மார்ச் 10, செவ்வாய்

பேக்கேஜ் மேனேஜரோட லாக்க இன்னிக்குத்தான் தொறந்தேன். இமேஜ் படிக்கிற லைப்ரரி (நம்ம ப்ரோக்ராம் ஓடும்போது சேத்துக்குற தனி கோட் ஃபைல்) 3-ஆம் தேதியே அப்டேட் ஆயிருக்கு, ஆறு நாள் சர்வீஸ் ஒரு குறையும் இல்லாம ஓடியிருக்கு. முதல்ல குழப்பமா இருந்துச்சு, யோசிச்சா காரணம் இருக்கு: அப்டேட் பழைய ஃபைல் மேலேயே எழுதாது, புது ஃபைல அந்தப் பேர்ல கொண்டாந்து வெக்கும், ஏற்கனவே ஓடிட்டு இருக்குற ப்ராசஸ் பழைய ஃபைலையே மெமரில புடிச்சுட்டு இருக்கும், டிஸ்க்ல அதுக்குப் பேர் இல்லேன்னாலும். ரீபூட் ஆனப்போதான் முதல் தடவையா புது லைப்ரரி உள்ள வந்துருக்கு. நேத்து பக்கத்துக்கு அப்புறம் கெர்னலத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

ராத்திரி 11 மணி

லைப்ரரிய பழைய வெர்ஷனுக்கு இறக்கிப் பாத்தேன், சர்வீஸ் ஓடுச்சு. அப்படியே பூட்டி வெச்சுட்டுப் போயிடலாம்னு இருந்துச்சு, ஆனா இந்த அப்டேட்ல இருக்குறது செக்யூரிட்டி திருத்தம், வெளிலேர்ந்து வர்ற ஃபைலப் படிக்கிற லைப்ரரிய ஓட்டையோட விட எனக்கு மனசு வரல. ஒரு மணி நேரம் ஓட விட்டு அவசரப் பக்கங்கள மட்டும் முடிச்சுட்டு புதுச திரும்பப் போட்டேன். க்யூல இன்னும் 290.

மார்ச் 11, புதன்

கூட வேலை செய்ற அக்காகிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "கையால ஓட்டிப் பாத்தியா?" பாக்கல. அதே யூசர்ல, அதே கான்ஃபிக்ல, டெர்மினல்லேர்ந்து ஓட்டினேன், ஓடுது! புது லைப்ரரியோடயே ஓடுது. சர்வீஸா போனா மட்டும் விழுது. அப்போ ப்ரோக்ராம் ஒண்ணுதான், சுத்தி இருக்குற சூழல்தான் வேற.

கெர்னல் லாக்ல ஒரு வரி ரெண்டு நாளா கண்ணு முன்னாடியே இருந்துச்சு: செக்ஃபால்ட் அட் 9பி0, எரர் 4. எரர் 4னா ப்ரோக்ராம், மெமரில இல்லாத ஒரு முகவரியப் படிக்கப் போயிருக்குனு அர்த்தம். 9பி0ங்கிறது பதினாறடிமான எண், சாதா எண்ணுல 2480. ஏ4 பக்கத்த 300 டிபிஐல ஸ்கேன் பண்ணா அகலம் சரியா 2480 பிக்ஸல்! பக்கத்தோட அகலத்தப் போய் மெமரி முகவரின்னு எடுத்துக்கிட்டு படிக்கப் போயிருக்கு. இதப் பாத்தப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு, ஏன்னா இது ஏதோ தற்செயலா கெட்டுப்போன மெமரி இல்ல, ஒருத்தர் ஒரு கட்டத்துல எழுதினத இன்னொருத்தர் வேற கட்டமா வாசிக்கிறாங்க.

விழுந்த நேரத்து மெமரியோட நகலான கோர்டம்ப்ப ஜிடிபிங்கிற டீபக்கர்ல தொறந்து எந்தெந்த லைப்ரரி எங்கேருந்து லோட் ஆயிருக்குனு பாத்தேன். இமேஜ் லைப்ரரி வழக்கமான இடத்துலேர்ந்து, புதுசு. அதுக்குத் துணையா ஒரு குட்டி லைப்ரரி இருக்கு, அது மட்டும் தனியா நிறுவுற சாஃப்ட்வேருக்கான ஆப்ட் (/opt) டைரக்டரிலேர்ந்து வந்துருக்கு, ரெண்டு வருஷம் பழசு. சர்வீஸ் ஃபைல்ல தேடினா ஒண்ணும் இல்ல, முழு அமைப்பையும் காட்டுற சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டதும் கீழ ஒரு ட்ராப்-இன் ஃபைல் (சர்வீஸ் ஃபைலத் தொடாம மேல சேக்குற கூடுதல் அமைப்பு) வந்துச்சு, அதுல எல்டி லைப்ரரி பாத்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள் அந்த டைரக்டரியக் காட்டுது. அந்தத் துணை லைப்ரரில அப்போ ஒரு பக் இருந்துச்சு, நாங்களே திருத்தி பில்ட் பண்ணி அங்க வெச்சோம். அன்னிக்கு வேற வழி இல்ல. அந்த வேரியபிள் இருந்தா, லைப்ரரிகளத் தேடி ஏத்துற லோடர் வழக்கமான இடங்களுக்கு முன்னாடி அங்கதான் தேடும், டெர்மினல்ல அது இல்ல, அதனாலதான் கையால ஓட்டினப்போ எல்லாம் சரியா இருந்துச்சு.

புது வெர்ஷன்ல ரெண்டு லைப்ரரியும் பகிர்ந்துக்குற ஸ்ட்ரக்ட்ல (மெமரில வரிசையா அடுக்குன தகவல் கட்டங்கள்), நடுவுல, அகலத்துக்கு முன்னாடி ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி வெக்கிற கட்டம், சேத்திருக்காங்க. பழசு அகலத்த 8 பைட்டா வெச்ச இடத்துல புதுசு பாயின்டரத் தேடுது. ஃபங்ஷன் பேரெல்லாம் அப்படியே இருக்குறதால லோடருக்கு ஒண்ணும் தெரியாது, சிம்பல் (ஃபங்ஷன் பேர்) காணோம்னு கூட சொல்லாது. இங்கதான் எனக்குக் கோவம். ஸ்ட்ரக்ட்டோட அமைப்ப மாத்தினா சோநேம் (லைப்ரரி ஃபைலோட பேர்ல வர்ற வெர்ஷன்) நம்பர ஏத்தணும், அதுக்குத்தானே அந்த நம்பர்! ஏத்தியிருந்தா லோடர் ஆப்ட்ல இருக்குற பழசத் தொடாம, வழக்கமான இடத்துல இருக்குற புதுசையே எடுத்திருக்கும், மூணு நாள் போயிருக்காது.

மார்ச் 12, வியாழன்

எங்க திருத்தம் டிஸ்ட்ரோ (நாங்க போட்டிருக்குற லினக்ஸ்) பேக்கேஜ்லயே எப்பவோ சேந்துடுச்சுனு சேஞ்ச்லாக்ல பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். ட்ராப்-இன்ன எடுத்தேன், சிஸ்டம்டி அமைப்ப மறுபடி படிக்க டீமன்-ரீலோட், ஸ்டார்ட். ஓடுது. மதியத்துக்குள்ள க்யூ காலி, திங்கக்கிழம ஒதுக்கி வெச்ச மூணு பக்கமும் சேத்து.

சாயந்தரம் உக்காந்து ஓடிட்டு இருக்குற ஒவ்வொரு ப்ராசஸோட மேப்ஸ் ஃபைல்லயும் (அதோட மெமரில என்னென்ன ஏறியிருக்குங்கிற பட்டியல்) "டெலீட்டட்"னு வர்ற லைப்ரரி இருக்கானு தேடினேன். இன்னும் ரெண்டு சர்வீஸ் பழச புடிச்சுட்டு ஓடிட்டு இருந்துச்சு. ஆள் இருக்கும்போதே ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ரெண்டும் எழுந்துடுச்சு. ஆப்ட் டைரக்டரிய இன்னும் அழிக்கல, வேற எதுவும் அதத் தொடுதானு நாளைக்குப் பாக்கணும்.