பத்து வினாடி

நவம்பர் 11

காலையிலிருந்து மழை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் அரை மணி தாமதம். நுழைந்ததுமே நைட் ஷிப்ட் தம்பி பிடித்துக்கொண்டான். "அண்ணா, எஸ்எஸ்ஹெச் அடிச்சா பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது. லைன் ஸ்லோ."

எஸ்எஸ்ஹெச் என்பது வேறொரு சர்வருக்குள் நெட்வொர்க் வழியாக நுழைகிற கட்டளை. எங்கள் யார்டு ஆபீசில் எது மெதுவானாலும் பழி லைனுக்குத்தான். சர்வர் எட்டுகிறதா என்று பிங் போட்டேன், ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில். உள்ளே போய்விட்டால் அடிக்கிற எழுத்து உடனே விழுகிறது. அப்புறம் லைன் எங்கே ஸ்லோ?

நவம்பர் 12

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து தடவையும் சரியாக 10 வினாடி. நெரிசல் என்றால் ஒரு நேரம் 3, ஒரு நேரம் 17 என்று ஆடும். இது ஆடவில்லை. யாரோ யாருக்காகவோ காத்திருந்து, அலுத்துப்போய் மேலே நகர்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும்படி, எஸ்எஸ்ஹெச் கட்டளையில் மூன்று 'வி' சேர்த்து ஓட்டினேன். வரிகள் மடமடவென்று ஓடி 'சர்வீஸ் அக்செப்ட்' என்ற இடத்தில் நின்றன. குறியாக்கச் சாவி பரிமாற்றமெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சில சமயம் லாகினைத் தாமதப்படுத்துகிற ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற அடையாளச் சோதனை முறையை அணைத்தும் மாற்றமில்லை. பழைய இரண்டு சர்வர்கள்தான் இப்படி. புதியவை நான்கும் சட்டென்று திறக்கின்றன.

இரவு, வியாசர்பாடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து நுழைகிற விபிஎன் வழியாக முயன்றேன். 5 வினாடி! ஆபீசில் பக்கத்து அறை சர்வருக்கு 10, வீட்டிலிருந்து பாதி. அத்தோ ஆறிப்போனது.

நவம்பர் 13

5 என்ற எண் ராத்திரியெல்லாம் உறுத்தியது. பெயருக்கு ஐபி முகவரியும், ஐபிக்குப் பெயரும் தேடித் தருவது டிஎன்எஸ். அதனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸ் வழக்கமாகக் காத்திருப்பது 5 வினாடி. எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று வரிசையாகச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் பழைய டிஎன்எஸ் சர்வர். இரண்டு வாரம் முன்பு அதன் வேலையை வேறு மெஷினுக்கு மாற்றி, ஃபயர்வாலில் டிஎன்எஸ் கேள்விகள் வருகிற 53-ஆம் போர்ட்டை அடைத்தது சாட்சாத் நான்தான். அதுவும் 'டிராப்', வருகிற கேள்வியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 'ரிஜெக்ட்' போட்டிருந்தால் "ஆள் இல்லை" என்ற பதிலாவது உடனே போயிருக்கும்.

சர்வர் பக்கம் எஸ்எஸ்ஹெச்சுக்குக் கதவு திறக்கிற நிரல் எஸ்எஸ்ஹெச்டி. அதன் பழைய பதிப்பு, வருகிறவரின் ஐபிக்கு என்ன பெயர் என்று கேட்கும். பெயர் கிடைத்தால், அந்தப் பெயருக்கு இதே ஐபிதானா என்று திருப்பியும் கேட்கும். இரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் செத்த வாசலில் 5 வினாடி நின்ற பிறகே அடுத்த சர்வரிடம் பதில். விபிஎன் ஐபிகளுக்கு நான் பெயரே பதியவில்லை, அதனால் ஒரு கேள்வியோடு முடிந்துவிட்டது. இந்த நிரல் அடங்கிய ஓபன்எஸ்எஸ்ஹெச் தொகுப்பின் 6.8 பதிப்பில், 2015-இல், இந்த விசாரணையை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். புதிய சர்வர்கள் தப்பித்தது அப்படித்தான்.

முதல் வரியை நீக்கினேன். கண் சிமிட்டுவதற்குள் லாகின்.

நவம்பர் 15

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ் கைவிட்டது. சர்வர்கள் எழுந்ததும் மறுபடி 10 வினாடி. நெட்வொர்க் கார்டின் கோப்பில் டிஎன்எஸ்1 என்று பழைய முகவரி உட்கார்ந்திருந்தது. பூட் ஆகும்போது அதுதான் ரிசால்வ்.கான்ஃபை மறுபடி எழுதியிருக்கிறது. அதை மாற்றினேன். எஸ்எஸ்ஹெச்டி அமைப்புக் கோப்பில் அந்தப் பெயர் விசாரணையையும் நிறுத்தினேன்: யூஸ்டிஎன்எஸ் 'நோ'. ரீஸ்டார்ட் கொடுக்குமுன் 'டி' போட்டு கோப்பில் பிழை இருக்கிறதா என்று சோதித்து, வெளியே மாட்டிக்கொள்ளாமலிருக்க இன்னொரு செஷனையும் திறந்தே வைத்திருந்தேன். அந்த பயம் மட்டும் எனக்கு எப்போதும் உண்டு.

சாயங்காலம் தம்பி வந்தான். "இப்ப லைன் சூப்பரா இருக்குண்ணா."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டேன்.