ஃபோர்ட் வெர்மிலியன்ல குடியேறின கதை

கனடான்னு சொன்னாலே நம்மாளுங்க டொரண்டோவான்னுதான் கேப்பாங்க. நாங்க இருக்கிறது ஆல்பர்ட்டா மாகாணத்தோட வடக்குக் கோடில, பீஸ் ஆத்தங்கரைல, ஃபோர்ட் வெர்மிலியன்னு ஒரு குட்டி ஊரு, எட்மன்டன்ல இருந்து கார்ல வந்தா ஒரு பகல் முழுக்க ஓட்டணும். மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைச்சுது, வந்துட்டோம்.

குளிர்காலத்துல இன்ஜின் உறையாம சூடா இருக்க ராத்திரி காரை கரண்ட் பிளக்ல சொருகிட்டுத்தான் படுக்கணும், இல்லன்னா காலைல இன்ஜின் அசையாது. மைனஸ் 38ல நான் புலம்பிக்கிட்டு இருந்தப்போ பக்கத்து வீட்டுப் பெரியவர் அலட்டிக்காம சொன்னாரு, இங்க 1911 ஜனவரில மைனஸ் 61 போயிருக்குப்பான்னு. ஆல்பர்ட்டால இன்னிக்கு வரைக்கும் அதான் ரெக்கார்டாம்.

இந்தக் குளிருக்குள்ள எவன் வந்து ஊர் கட்டினான்னு தேடிப் பார்த்தா, 1788ல விலங்குத் தோல் வியாபாரம் பண்ணின நார்த் வெஸ்ட் கம்பெனி ஆளு சார்லஸ் போயர் இங்க ஒரு கோட்டை போட்டிருக்காரு. கோட்டைன்னதும் செஞ்சி மாதிரி நினைச்சுக்காதீங்க, மரக்கட்டைல கட்டின வீடும் கிடங்கும்தான். பூர்வகுடி ஜனங்க பீவர்னு ஆத்துல வாழுற பிராணியோட தோலைக் குடுத்துட்டு துப்பாக்கி, கம்பளி, சட்டிபானைன்னு வாங்கிட்டுப் போவாங்க, அந்த ரோமம் ஐரோப்பால துரைமாருங்க தலைல தொப்பியா உக்காரும். 1821ல அந்தக் கம்பெனியே போட்டிக் கம்பெனியான ஹட்சன்ஸ் பே கம்பெனியோட சேர்ந்துடுச்சு, கோட்டையும் பின்னாடி இடம் மாறுச்சு.

ஆனா தோலை வச்சு மட்டும் இந்த ஊரு பொழைக்கல, அதான் எனக்குப் பிடிச்ச விஷயம். சாப்பாட்டை அவ்ளோ தூரம் படகுல கொண்டு வந்து கட்டுப்படியாகுமா, அதனால உருளைக்கிழங்கு, பார்லி, கோதுமைன்னு இங்கயே போட ஆரம்பிச்சாங்க. உறைபனி இல்லாத நாள் கம்மிதான், ஆனா ஜூன்ல ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வெயில், பயிர் கிடுகிடுன்னு வந்துடும். அப்புறம் கம்பெனி இங்க மாவு மில்லே வச்சு வடக்க இருந்த மத்த கிடங்குகளுக்கு மாவு அனுப்புச்சு, கவர்மெண்டும் ஆராய்ச்சிப் பண்ணை போட்டுச்சு. இப்பவும் ஊரைத் தாண்டினா கனோலாங்கிற எண்ணெய் வித்து வயல்தான்.

1929 ஜனவரில இந்தப் பக்கம் டிஃப்தீரியாங்கிற தொண்டை அடைப்பான் நோய் பரவினப்போ வோப் மே, விக் ஹார்னர்னு ரெண்டு பேரு மேல மூடியே இல்லாத விமானத்துல எட்மன்டன்ல இருந்து மருந்து கொண்டு வந்தாங்க. அந்தக் குளிர்ல!

ஆத்துக்குப் பாலம் வந்ததே 1974லதான். அதுவரைக்கும் கோடைல ஃபெர்ரி, குளிர்ல ஐஸ் மேலயே வண்டி. அந்தக் காலத்துல நான் வந்திருந்தா ரெண்டாம் நாளே மூட்டையைக் கட்டியிருப்பேன், ஆனா ஆறு பாதி உறைஞ்ச சமயமா இருந்தா அதுக்கும் வழி கிடையாது, உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியதுதான்.